இரண்டு வினாடி

வரிசையில் அறுநூற்றுப் பதினொரு கடிதங்கள் நின்றன.

காலையிலிருந்து கல்லூரியை விட்டு ஒரு மின்னஞ்சலும் வெளியே போகவில்லை. மாணவர்களின் ஹால் டிக்கெட் எல்லாம் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தன. தேர்வுப் பிரிவிலிருந்து நான்கு முறை போன் வந்துவிட்டது.

அவன் சர்வர் அறையில் உட்கார்ந்து லாக் படித்துக்கொண்டிருந்தான். எந்தக் கடிதம் எந்த நொடியில் வந்தது, எந்த நொடியில் போனது, ஏன் போகவில்லை என்று சர்வர் தானே எழுதிவைக்கும் குறிப்பு அது.

பழுது பெரிதில்லை. விடிகாலையில் கரண்ட் போய் வந்ததில் இயந்திரத்தின் கடிகாரம் இருபது வருடம் பின்னால் போயிருந்தது. இன்று என்ன தேதி என்று தெரியாதவனிடம் வெளியூர் சர்வர்கள் கடிதம் வாங்குவதில்லை.

திருத்த ஒரு வரி போதும்.

திருத்தியதும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதை நினைத்தாலே அவனுக்கு இனிக்கும். சுபாஷிணிக்கு ஒரு சோதனைக் கடிதம் போட வேண்டும்.

அவள் இதே அறையில் எதிர் நாற்காலியில் வேலை பார்த்தவள். மூன்று வருடத்துக்கு முன் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகிற அன்று சொல்ல வேண்டியதை அவன் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அன்றிலிருந்து சோதனை செய்துகொண்டிருந்தான்.

'சோதனை' என்று தலைப்பு. உள்ளே 'வந்ததா?' என்று ஒரு சொல்.

'வந்தது' என்று பதில் வரும். உடனே என்றால் உடனே. போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் போல என்று அவன் பூரித்துப்போவான்.

சர்வர் வருடத்துக்கு நான்கு முறை கெட்டது. சோதனை மாதத்துக்கு நான்கு முறை நடந்தது.

டேனியல் கதவைத் தட்டாமல் தலையை நீட்டினான். நூலகத்தில் வேலை. நன்றாகப் பாடுவான், நன்றாகச் சிரிப்பான். கல்லூரியில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். அதனாலேயே இவனுக்குப் பிடிக்காது.

"அண்ணாச்சி, காலைல ஒரு மெயில் போட்டேன். போச்சான்னு பாத்துச் சொல்லுதியளா?"

"ஹால் டிக்கெட்டே போவாம நிக்கி. உனக்கு என்னடே அவசரம்?"

டேனியல் காது சிவக்கச் சிரித்துவிட்டுப் போனான்.

பாம்பின் கால் பாம்பறியும். அவன் வரிசையில் டேனியலின் பெயரைத் தேடினான்.

பெறுநர், சுபாஷிணி.

வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் சூட்டி என்ன ஆகப்போகிறது.

கடிதத்தைத் திறந்து படிக்க அவனால் முடியும். படிக்கவில்லை. உறையைப் பார்க்கலாம், உள்ளே பார்க்கக் கூடாது. பதினான்கு வருட வேலையில் அவன் விடாமல் காப்பாற்றிய ஒரே ஒழுக்கம் அது.

ஆனால் லாக் என்பது உறைதானே.

போன வருடத்திலிருந்து அவளுடைய முகவரி வருகிற வரிகளையெல்லாம் கொண்டுவந்து திரையில் கொட்டினான். டேனியலுக்கு அவள் பத்தொன்பது பதில்கள் எழுதியிருந்தாள். ஒன்று நாற்பது நிமிடம் கழித்து. ஒன்று ஆறு மணி நேரம் கழித்து. ஒன்றுக்கு ஒன்றரை நாள்.

முதலில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றரை நாள்! தன்னை அவள் ஒரு நிமிடம்கூடக் காக்கவைத்ததில்லையே.

பிறகு தன் வரிகளைப் பார்த்தான்.

இரண்டு வினாடி.

பொங்கலன்று காலை, இரண்டு வினாடி. ஒரு ஞாயிறு மதியம், இரண்டு வினாடி. அவள் அம்மை கண்டு படுத்திருப்பதாகக் கேள்விப்பட்ட வாரத்தில்கூட இரண்டு வினாடி.

ஒரு தடவைகூட மூன்று இல்லை.

இரண்டு வினாடியில் மனுஷியால் கடிதத்தைத் திறக்கவே முடியாது. 'சோதனை' என்று தலைப்பிட்டு எது வந்தாலும் 'வந்தது' என்று தானாகப் பதில் போகும்படி அவள் ஏற்பாடு செய்திருக்கிறாள். ஐந்து நிமிட வேலை. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மாதம் நான்கு முறை ஒருவன் வந்ததா வந்ததா என்று கேட்டால் யார்தான் செய்யமாட்டார்கள்?

டேனியலின் ஒன்றரை நாளை மறுபடி பார்த்தான்.

ஒன்றரை நாள் அவள் யோசித்திருக்கிறாள். உலை கொதிக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, டேனியலுக்கு என்ன எழுதலாம் என்று. அந்த ஒன்றரை நாளுக்காக அவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது.

கடிகாரத்தைத் திருத்தினான்.

டேனியலின் கடிதத்தை மட்டும் தனியே நிறுத்திவைத்தான். மற்ற அறுநூற்றுப் பத்தும் மளமளவென்று போயின. தேர்வுப் பிரிவிலிருந்து போன் செய்து நன்றி சொன்னார்கள். சரி, சரி என்று வைத்துவிட்டான்.

வழக்கமான சோதனைக் கடிதத்தை எடுத்தான். தலைப்பை அழித்தான். 'வந்ததா?' என்பதையும் அழித்தான்.

'சுபாஷிணி, சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று வருடமாக முக்கால்வாசி நாள் நன்றாகத்தான் இருந்தது.'

வேறு ஒன்றும் எழுத வரவில்லை. அனுப்பினான்.

ஒரு வினாடி.

இரண்டு.

மூன்று.

பதில் இல்லை.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். பத்து நிமிடம் ஆகியும் பதில் இல்லை. தானாகப் பதில் போடும் பெட்டிக்கு அல்ல, அவளிடமே தன் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தபோது அழுகை வரும் போலிருந்தது.

நாற்பதாவது நிமிடம் டேனியலின் கடிதத்தை விட்டான். அதுவும் போனது.

இப்போது அவளிடம் இரண்டு கடிதங்கள்.

அவன் கைகளைக் கட்டிக்கொண்டு திரையின் முன் உட்கார்ந்தான். சத்தம் வராமல் வேண்டிக்கொண்டான்.

அவனுக்குப் பதில் உடனே போகட்டும், சாமி. எனக்கு மெதுவாக வரட்டும்.