மூன்றாவது சிலிண்டர்

மூன்றாவது குழாய்க்குள் விரலை விட்டாள்.

நொறுங்கிய பயிற்சி விமானத்தின் எஞ்சின் விமானக் கொட்டகை நடுவே, இரும்புத் தாங்கி மேல் இருந்தது. நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைக்குழாய்.

மற்ற மூன்றிலும் காய்ந்த கரி. ஊதினால் பறந்தது.

இது விரலில் ஒட்டியது.

விசாரணைக்கு வந்த அதிகாரி குனிந்து பார்த்தார். “எண்ணெய்.”

“கீழே விழுந்த அடியில கசிஞ்சு உள்ளே போயிருக்கும் சார்” என்றார் வரதன். அவர்தான் பயிற்சிப் பள்ளியின் தலைமை எஞ்சினியர்; அவள் அவருக்குக் கீழே வேலை செய்யும் எஞ்சினியர். குரலில் அவசரம் இல்லை.

அப்படியானால் எஞ்சினில் குறை இல்லை. ஓட்டிய கேப்டன் சாலமன் பெட்ரோலைச் சரியான அளவில் விடவில்லை, எஞ்சின் திணறி நின்றது. பள்ளி எழுதிக் கொடுத்திருந்ததும் அதுதான்.

சாலமன் மறுக்கவில்லை. முதுகுத்தண்டு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். “இருக்கலாம். நான்தான் கவனிக்காம விட்டிருப்பேன்” என்று அதிகாரியிடம் சொல்லியிருந்தார். முன்னூறு அடி உயரத்தில் எஞ்சின் நின்றுபோக, கம்பங்கொல்லையில் இறக்கினார். பக்கத்தில் இருந்த மாணவிக்குச் சிராய்ப்போடு போயிற்று.

எஞ்சின் முன் நின்றவள் மூன்றாவது குழாயின் உட்சுவரை நகத்தால் சுரண்டினாள்.

ஈரத்துக்கு அடியில் கெட்டியாக ஒரு படிவு. அடிப்பிடித்த பாத்திரம் போல. அதற்கும் கீழே இன்னொன்று.

எண்ணெய் பல நாள் கசிந்து, எரிந்து, இறுகியிருந்தது. அதே கரி வால்வையும் அசையவிடாமல் பிடித்து எஞ்சினைத் திணறவைத்திருக்கும்.

சுரண்டியதைக் காகிதத்தில் தட்டி அதிகாரியிடம் நீட்டினாள்.

அவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்தார்.

“இது ஒரு நாள்ல படியற கரி இல்ல. பன்னிரண்டு நாள் முன்னாடி செக் நடந்திருக்கு. ‘குழாய்கள் இயல்பு’ன்னு எழுதியிருக்கு. பூங்கோதைங்கறது யாரு?”

“நான்தான் சார்.”

“குறுகலான இடம் சார்” என்றார் வரதன். “டார்ச் அடிச்சாலும் கண்ணுல படாது.”

தப்பிக்கக் கதவு திறந்தேதான் இருந்தது. அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

“பார்த்தேன்” என்றாள்.

அதிகாரியின் பேனா நின்றது.

“அன்னைக்கே ஈரமா இருந்தது. இவர்கிட்ட சொன்னேன். அடுத்த செக்ல பார்த்துக்கலாம்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்றார் வரதன். கோபம்கூட இல்லை. அவளுக்காக வருத்தப்படுபவர் போலச் சொன்னார்.

அறிக்கை வர நான்கு மாதம் ஆனது.

கேப்டன் மேல் தவறில்லை. சிக்கிய வால்வு. முறையாகச் சோதிக்காமல் சான்றளித்த எஞ்சினியர் பூங்கோதையின் உரிமம் ரத்து. வாய்மொழியாகச் சொன்னதற்கு ஆதாரம் இல்லாததால் வரதன் பெயர் எங்குமே வரவில்லை.

அந்த வாரமே சாலமன் வீட்டுக்குப் போனாள். பாளையங்கோட்டையில் மாதா கோயிலுக்குப் பின்தெரு.

அவர் மனைவி கதவைத் திறந்தாள். யாரென்று தெரிந்ததும் வழிவிட்டு ஒதுங்கினாள். உட்காரச் சொல்லவில்லை.

சாலமன் சக்கர நாற்காலியில் இருந்தார். மடியில் அறிக்கை. இடுப்புக்குக் கீழே போர்வை. மெலிந்திருந்தார்.

மன்னிப்பு என்ற சொல்லை பஸ்ஸில் வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது வாசல் நிலையருகிலேயே நின்றாள்.

“நீ சொல்லாம இருந்திருந்தா என் பேரு போயிருக்கும்” என்றார் அவர். “எல்லாரும் போன் பண்றாங்க. பேரு தப்பிச்சுதேன்னு.”

அவள் தரையைப் பார்த்தாள்.

“நாலு மாசம் என் தப்புன்னே நினைச்சுட்டுக் கிடந்தேன்மா. தாங்க முடிஞ்சுது. நம்ம கை செஞ்சது, நம்ம காலு போச்சுன்னு.”

அறிக்கையைப் புரட்டினார். ஏதோ பக்கத்தைத் தேடுவதுபோல. பிறகு மூடினார்.

“இதைப் படிச்சதுல இருந்து தூக்கம் இல்ல.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

“அந்த வரதன்கிட்ட முன்னாடியே சொன்னியாமே, கேள்விப்பட்டேன். மிரட்டினாரா?”

இல்லை என்று தலையசைத்தாள்.

“வேலை போயிடும்னாரா?”

“இல்ல சார்.”

“அப்புறம் ஏம்மா? நீதானே பார்த்தே? நீதானே போய்ச் சொன்னே? பின்னே எதுக்குக் கையெழுத்துப் போட்டே?”

திட்டவில்லை. கேட்டார். தெரிந்துகொண்டால் தூங்கலாம் என்பதுபோல அவள் முகத்தையே பார்த்தார்.

பொய் சொல்லலாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். கனமாக ஏதாவது ஒன்று. அவர் காலுக்கு ஈடாக வைக்கக்கூடிய ஒன்று.

“வெள்ளிக்கிழமை சார். சிலிண்டரைக் கழட்டணும்னு நின்னா ராத்திரி ஆயிடும். அஞ்சு மணிக்கு ஊருக்கு நேர் பஸ் ஒண்ணு இருந்தது.”

அவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

நடையில் அவர் மனைவி நின்றிருந்தாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். கொண்டுவந்தவள் அப்படியே திரும்பி உள்ளே போனாள்.

சாலமன் போர்வையைச் சரிசெய்தார். நேராக இருந்த போர்வையை.

“பஸ் கிடைச்சுதா?”

“கிடைச்சுது சார்” என்றாள்.

ஜன்னலோர இடம்.