வாய் திறக்காத மாணவர்

பனிச்சறுக்குப் பழக வந்த முதல் நாளிலேயே பதினோராவது முறையாக விழுந்தார் ஐம்பது வயது ஸ்வெர்ரே. மூக்குவரை கம்பளித் துண்டைச் சுற்றியிருந்தவர் வாயே திறக்கவில்லை.

"நார்வேயில நடக்கப் பழகுறப்பவே இதையும் பழகிடுவாங்களே. நீங்க வெளிநாடா?" என்றாள் பயிற்சியாளர் ராக்ன்ஹில்ட்.

ஆமாம் என்று தலையாட்டினார்.

"சரி, முழங்காலை மடக்குங்க சார்!"

மடக்கினார். சர்ரென்று வழுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தார்.

"ஐயோ, வழி விடுங்க! எனக்கு நிறுத்தத் தெரியாது!"

எல்லோரும் திரும்பினார்கள். இருபது வருடமாக வானொலியில் சறுக்குப் போட்டிகளை வர்ணித்து, வீரர்களைக் கிழிகிழியென்று கிழிக்கும் குரல் அது.

ராக்ன்ஹில்ட் அவரைத் தூக்கி நிறுத்தினாள்.

"போன வாரம் என் தம்பி விழுந்தப்போ, 'இவனுக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை'ன்னு கேட்டது நீங்கதானே? மறுபடி மேல ஏறுங்க சார். இந்தத் தடவை நான் வர்ணிக்கிறேன்."