கவிழ்த்த படகு

நர்மதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பூங்கா திறந்து அரை நாள் ஆகியும் ஒரு பிள்ளைகூட உள்ளே வரவில்லை. ஊஞ்சலில் பக்கத்து அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிச் சாம்பல் படிந்ததுதான் மிச்சம்.

லாரி டயரில் ஊஞ்சல். கிழிந்த வலையில் ஏணி. நடுவில் பழைய ஃபைபர் படகைக் கவிழ்த்து, பக்கத்தில் வாசல் அறுத்து, மீன் வரைந்த குகை. வேண்டாமென்று வீசியதிலிருந்து விளையாட்டிடம் அமைப்பது அவள் தொழில். அதற்காக நெட்டுக்குப்பத்தில் மாதக்கணக்காகத் தனியே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பாராட்ட வேண்டாம், பாடாவதி என்று திட்டவாவது யாராவது வரலாம்.

வேலிக்கு வெளியே பெண்கள் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏங்க்கா வர மாட்டேங்கறீங்க?"

மீன் விற்கும் அன்புக்கரசி பட்டென்று சொன்னாள். "போட்டக் கவுத்து வெச்சிகீறியே! ரிப்பேருக்குக் கவுப்போம், சரி. கவுந்த போட்டுக்கு அடியில எவளாவது புள்ளைய வுடுவாளா?"

"இன்னிக்குள்ள யாரும் வரலன்னா, வலை காயப்போட எடத்தை ஊர்ப் பஞ்சாயத்துல திருப்பிக் கேக்கறாங்கக்கா."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

படகைக் கொடுத்த மங்கையும் அங்கேதான் நின்றாள். "வூட்டாண்ட சும்மாதான் கெடக்குது, எடுத்துகினு போ" என்று அன்று தாராளமாகச் சொன்னவள், இன்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு படகையே முறைத்தாள்.

நர்மதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடுத்த நீங்களே இப்படி நின்னா எப்படிக்கா? ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லக் கூடாதா?"

மங்கை முந்தானையை இடுப்பில் செருகினாள். வேலியைத் தாண்டி வந்தாள். மண்டி போட்டு, படகுக்கு அடியில் நுழைந்தாள்.

பெண்கள் வேலிமேல் எக்கிப் பார்த்தார்கள்.

வெகுநேரம் கழித்துத் தலை மட்டும் வெளியே வந்தது. கண் சிவந்திருந்தது.

"ஒன்னியும் இல்லடா. காத்து நல்லா வருது. வாங்க."

அவ்வளவுதான். பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு ஓடினார்கள். எந்தத் தாயும் தடுக்கவில்லை. மங்கை அவர்களுக்கு வழிவிட்டு, தனியாகக் கடலோரம் நடக்க ஆரம்பித்தாள்.

நர்மதாவுக்கு வாயெல்லாம் பல். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல? எவ்ளோ பிகு பாருங்க அந்த அக்காவுக்கு!"

அன்புக்கரசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடல்ல கவுந்தப்போ, இந்த போட்டுக்கு அடியிலருந்துதாம்மா அவ புருஷன பொணமா இஸ்தாங்க."