ஓஸ்மோ பார்த்த பாடம்

"இன்னைக்காச்சும் கொஞ்சம் வாயைக் குறைச்சுக்கோ, ஐலா!"

காபிக் கோப்பையை மேஜையில் வைத்துக்கொண்டே சொன்னாள் ரைலி. பக்கத்து அறையில் வரலாறு நடத்துபவள். பத்து வருஷத் தோழி.

"நான் வாயை மூடிட்டா கணக்கை யாரு, இந்தச் சுவரா சொல்லிக்கொடுக்கும்?" என்றாள் ஐலா, கம்ப்யூட்டர் கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பியபடி.

"போன தடவை ஓஸ்மோ என்ன எழுதினாருன்னு மறந்துபோச்சா?"

மறக்குமா? கல்வி அலுவலகத்து ஓஸ்மோ மூன்றே வரிதான் எழுதியிருந்தார். 'ஆசிரியை மட்டும் பேசுகிறார். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.'

அந்த முடிவில்தான் எல்லாம் இருந்தது. டவுனிலிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரையில் கோர்பிலாம்பி என்று ஒரு சின்ன ஊர். ஏழாவது முதல் ஒன்பதாவது வரை எல்லாம் சேர்த்து ஒன்பதே பிள்ளைகள். செவ்வாயும் வெள்ளியும் ஐலா காரில் போய் நேரில் கணக்கு நடத்துவாள். மற்ற நாட்களில் இந்த டவுன் பள்ளியில் இருந்தபடியே திரையில் நடத்துவாள். இது சரிப்படாது என்று ஓஸ்மோ சொல்லிவிட்டால் ஊர் வகுப்பை மூடிவிடுவார்கள். ஒன்பது பேரும் விடியாத இருட்டில் ஆறு மணிக்கே பஸ் ஏற வேண்டியதுதான்.

"இந்தப் பனிப்புயல்லயும் மனுஷன் ஊருக்கே போய், கடைசி நாற்காலியில உக்காந்திருக்காராம்," என்றாள் ரைலி. "காத்து இந்த அடி அடிக்குதே, இன்டர்நெட் லைன் தாங்குமா?"

"அதெல்லாம் தாங்கும். நீ கவலைப்படாம போ. என் பாடத்தைக் கேட்டா கல்லும் கணக்குப் போடும்!"

மணி ஒன்பது. திரையில் வகுப்பறை தெரிந்தது. ஒன்பது தலைகள். பின்னால் ஓஸ்மோ, தாடையில் பேனாவை ஊன்றிக்கொண்டு.

"எல்லாருக்கும் மொய்!" என்று அந்த ஊர்ப் பாஷையில் வணக்கம் சொன்னாள் ஐலா.

"மொய்," என்று ஒன்பது குரல்கள் முணுமுணுத்தன.

"உங்க ஏரியையே எடுத்துக்குவோம். இந்தக் கரை மூணு கிலோமீட்டர், அந்தக் கரை நாலு. ரெண்டும் சேருற மூலை செங்கோணம். கரையைச் சுத்திப் போகாம, பனிவண்டியில உறைஞ்ச ஏரி மேலயே குறுக்கா போனா எவ்வளவு தூரம் மிச்சம்? யோசிங்க."

கேட்டுவிட்டு, நன்றாகச் சிரித்த முகத்தோடு அவர்களைப் பார்த்தாள்.

பதில் இல்லை. நோட்டில் குனிந்த தலைகள் குனிந்தபடியே இருந்தன.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்து ஆட்களிடம் ஒரு கேள்வி கேட்டால், ஒரு மிடறு காபி குடித்து, ஜன்னல் வழியே ஒருமுறை பார்த்து, அப்புறம்தான் வாயைத் திறப்பார்கள். அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசுவது அங்கே பெரிய அவமரியாதை. சும்மா இருப்பவரைக் கிளறுவது அதைவிடப் பெரிய அவமரியாதை. ஐலா ஒருத்திதான் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும் திருந்தாதவள். பத்து எண்ணும்வரை பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை.

எழுந்து சுவர்ப் பலகைக்குப் போனாள். ஏரியை வரைந்தாள், முக்கோணத்தை வரைந்தாள். மூன்றின் வர்க்கம், நான்கின் வர்க்கம் என்று ஆரம்பித்தவள் மடை திறந்த வெள்ளமாகக் கொட்டித் தீர்த்தாள். பனிவண்டிக்கு எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்பதுவரை சொன்னாள். நடுநடுவே திரும்பிப் பார்த்தாள். ஒருத்தரும் தலை நிமிரவில்லை, அவ்வளவு மும்முரம். ஓஸ்மோகூடப் பேனாவைத் தாடையிலிருந்து எடுக்கவில்லை.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள் ரைலி. "என்னடி, அங்கிருந்து ஒரு சத்தத்தையும் காணோம்?"

"கிறங்கிப்போய்க் கேட்டுக்கிட்டிருக்காங்க, போ!"

நாற்பது நிமிடம் முடிந்தது. "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டாள். யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. "அப்படிப்போடு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டரை மூடினாள். தொண்டை வறண்டிருந்தது, மனசு நிறைந்திருந்தது.

மதியம் போன் அடித்தது. ஓஸ்மோ.

"ஐலா, ஊர் வகுப்பு தொடரும். இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன்."

ஐலாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒன்பது பிள்ளைகளும் இனி ஏழரை மணிவரை தூங்கலாம்! "எனக்குத் தெரியும்! நான் விளக்கின விளக்கத்துக்கு..."

"விளக்கமா?" ஓஸ்மோ வாய்விட்டுச் சிரித்தார். "நீங்கதான் ஒண்ணுமே விளக்கலையே! கேள்வியைக் கேட்டீங்க, சிரிச்சீங்க, அதே சிரிப்போட நாப்பது நிமிஷம் அசையாம உக்காந்துட்டீங்க. மொதல்ல யாரும் வாயைத் திறக்கல. அப்புறம் அந்தப் பொண்ணு வெய்னி எழுந்து பலகைக்குப் போனா. 'தப்பு'ன்னு ஒருத்தன் ஓடிவந்தான். கடைசியில ஒன்பது பேரும் மல்லுக்கட்டி, ரெண்டு கிலோமீட்டர் மிச்சம்னு அவங்களே கண்டுபிடிச்சிட்டாங்க! நடுவுல நீங்க கண்ணைக்கூட இமைக்கல. போன தடவை நான் எழுதினதை மனசுல வச்சு, இப்படியா ஒருத்தர் மாறுவாங்க!"

'லைன் தாங்குமா?' என்று காலையில் ரைலி கேட்டது இப்போதுதான் ஐலாவுக்கு உறைத்தது. வாய் திறந்தது. வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"பாத்தீங்களா," என்று பூரித்துப்போனார் ஓஸ்மோ, "இப்பவும் அதே பொறுமை!"