உட்கார்ந்த இடத்து மதிப்பீடு

தன் மனைவி ஆசையாக வாங்கி வந்த பழைய காரை மதிப்பீட்டாளர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விபத்தில் அடிபட்ட காருக்கு எவ்வளவு விலை குறையும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தருவதுதான் அவர் வேலை.

"முன்பக்கம் செம அடி. வித்தவன் பெயிண்ட் பூசி மறைச்சிருக்கான். என் கண்ணுக்குத் தப்புமா? பாதி விலைகூடப் பெறாது!"

"அவர் மறைக்கலீங்க. நானும் விலையைக் குறைக்கச் சொன்னேன். 'இன்சூரன்ஸ்காரங்களே ஒரு பைசா குறையாதுன்னு எழுதிட்டாங்க'ன்னு இந்தத் தாளைக் குடுத்தார்."

"காரைக் கண்ணால பார்க்காம, உக்காந்த இடத்துலயே எழுதியிருக்கான். எவன் அந்த மடையன்?"

மனைவி தாளை நீட்டினாள்.

"உங்க கையெழுத்தைப் பார்த்துத்தாங்க நம்பி வாங்கினேன்!"