கிளிப் வேண்டாம்

"மணி அஞ்சே முக்கால்தான் ஆகுது. யாரும் துரத்தல டீச்சர். முதல்ல வெறும் கம்பி" என்றார் மாஸ்டர், கைகளைக் கட்டிக்கொண்டு.

உடற்பயிற்சிக் கூடத்தில் வேறு யாரும் இன்னும் வரவில்லை. டீச்சர் பெஞ்சில் மல்லாந்து படுத்து, வெறும் கம்பியைப் பத்து முறை மார்புவரை இறக்கி ஏற்றினாள். அதற்கே உள்ளங்கை வேர்த்து வழுக்கியது.

ஐந்து மாதத்துக்கு முன், வேறொரு கூடத்தில், ஒரு பக்கத்து இரும்புத் தட்டு நழுவி விழுந்தது. கம்பி குடைசாய்ந்து அவள் காறை எலும்பை முறித்தது. தட்டு நழுவாமல் இருக்க முனையில் மாட்டும் கிளிப்பை அன்று யாரோ மறந்திருந்தார்கள். இனி அந்தப் பக்கமே போகாதே என்று வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு கம்பிக்குப் பயந்து காலம் தள்ள அவளுக்கு மனம் இல்லை. இந்த மாஸ்டரைப்போல் ஜாக்கிரதையான ஆள் கிடையாது என்று கேள்விப்பட்டுத்தான் இங்கே சேர்ந்தாள்.

ஜாக்கிரதைதான். மணிக்கட்டு மடங்கினால் திட்டு. மூச்சை அடக்கினால் அன்றைய பயிற்சி அத்தோடு சரி. தட்டுகளை அவரவரே தூக்கி மாட்ட வேண்டும். ஆனால் கிளிப் மட்டும் மாட்டவே விடமாட்டார். கேட்டால், என் வகுப்பில் என் சட்டம் என்பார்.

"என் வகுப்புல காரணம் சொல்லாம சட்டம் போட மாட்டேன் மாஸ்டர்" என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

இன்று ஐம்பது கிலோ. தட்டுகளை அவளே மாட்டி முடித்தாள். இரவெல்லாம் தட்டு விழும் சத்தம் அவள் காதைவிட்டுப் போகவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட மாஸ்டர் மேஜைக்குப் போன நேரத்தில், பையிலிருந்து தன் சொந்தக் கிளிப் இரண்டை எடுத்து மாட்டினாள். கறுப்புத் தட்டோடு கறுப்பாக ஒட்டிக்கொண்டன. திருட்டுத்தனம்தான். ஆனால் படுத்தபோது முதல் முறையாகத் தட்டுகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாஸ்டர் வந்து தலைமாட்டில் நின்றார். கண் அவள் மணிக்கட்டில். கைகளை வழக்கம்போல் கட்டியிருந்தார்.

"பின்னாடிதான் இருக்கேன்."

ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கம்பி மார்பிலிருந்து ஒரு சாண் எழும்பி அப்படியே நின்றது. முழங்கை உதறியது.

"பிடிங்க மாஸ்டர்."

அவர் இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றினார். கம்பி இறங்கியது. அவர் கைகளும் அதோடு சேர்ந்து இறங்கின. மார்பைத் தொட்ட கம்பி உருண்டு வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்தது. வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

வெளுத்துப்போன முகம் தலைகீழாக அவள்மேல் குனிந்தது.

"மன்னிச்சிடுங்க டீச்சர். ரெண்டு தோளும் போய் ஆறு மாசம் ஆச்சு, ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்க முடியாது. பயப்படாம கம்பிய ஒரு பக்கமாச் சாய்ச்சு விடுங்க, தட்டு தானா நழுவி விழுந்துடும். அதுக்குத்தானே உங்களக் கிளிப் போட விடல?"