பத்தாவது ஆள்

உப்பு மீனை நறுக்கிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். எதிர் மாடிப்படியெல்லாம் பனி. சுவரில் வெயில் ஒரு சாண்தான் மிச்சம். தம்பி ஃபிஷெலைக் காணோம்.

இன்று அப்பாவின் நினைவுநாள். எங்கள் யூத வழக்கப்படி, பொழுது சாய்வதற்குள் பத்து ஆண்கள் கூடினால்தான் செத்தவருக்காக மகன் கடீஷ் ஜெபம் சொல்ல முடியும். முன்னறையில் ஒன்பது பேர். பொம்பளை நான் கணக்கில் சேர்த்தியில்லை.

"எங்கே பெய்லா உன் தம்பி?" என்றார் செலிக் மாமா. மாண்ட்ரியாலில் ரோமக்கோட்டுக் கடைகள் வைத்திருப்பவர்.

"வந்துடுவான் மாமா."

"எங்கே வருவான்? அந்தச் சலவைக் கடை வாசல்ல தவம் கிடக்கிறான். கடை விலைக்கு வருது, சாயங்காலம் வரிசையில முதல்ல நிக்கிற ஆளுக்குத்தான் கொடுப்பாங்களாம். காலையில என்கிட்டயே வந்து பீத்திக்கிட்டான்."

"கடீஷ் சொல்லக் கூலிக்கு ஆள் பிடிச்சிருப்பான்," என்றார் கசாப்புக்கடை யாங்கெல். எல்லோரும் சிரித்தார்கள்.

மாமா சிரிக்கவில்லை. "செத்தவர் காத்திருக்கார். இவனுக்குக் காசுதான் தெய்வம்!"

அந்தக் கடைக்காகத் தம்பி மத்தியானச் சோற்றையே விட்டுக் காசு சேர்த்தவன். ஆனாலும் அப்பா?

இடுப்பிலிருந்த என் பாப்பா சிணுங்கியது. சுவரில் வெயில் நாலு விரலாகிவிட்டது.

கதவு படீரென்று திறந்தது. முழங்கால் வரை பனியோடு ஃபிஷெல்.

"டிராம் நின்னுடுச்சுக்கா. ஓடியே வந்தேன்."

"கடை?"

"போகட்டும்கா. அப்பா வருஷத்துக்கு ஒரு தடவைதானே கூப்பிடறார்."

குரல் உடைய உடைய அவன் கடீஷ் சொன்னான். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் அடுக்களையில் நின்று மெதுவாகச் சொன்னேன்.

மாமா சாராயக் கிளாஸைத் தூக்கினார். "இப்பத்தான்டா நீ மனுஷன்! காசு இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும்." அவர் கண்ணெல்லாம் ஈரம்.

பின்வாசலில் யாரோ தட்டினார்கள். மாமா கடைக் கணக்குப்பிள்ளை.

"முதலாளிகிட்ட சொல்லிடும்மா, சலவைக் கடை நமக்கே முடிஞ்சுது. முன்னாடி நின்ன பையன் திடீர்னு ஓடிட்டான். முதலாளி காலையிலேயே சொன்னார்: 'அப்பா நினைவுநாள், அவன் கட்டாயம் ஓடிவந்துடுவான். நீ மட்டும் நகராம நில்லு'ன்னு."

"பெய்லா! மீன் எங்கேம்மா?" மாமாதான் கூப்பிட்டார்.

தட்டை எடுத்தேன். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஆனால் இன்றைக்கு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, மாமாவிடம் சொன்னேன்: "உங்க கணக்குப்பிள்ளை வந்திருக்கார் மாமா, நீங்க காலையில சொன்னபடியே நகராம நின்னு ஃபிஷெல் விட்டுட்டு வந்த கடையை உங்களுக்கே முடிச்சுட்டாராம்."